வல்லார்பாடத்திலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு எவ்வளவு தூரம்?

வல்லார்பாடத்திலிருந்து எர்ணாகுளம் செல்லும் பேருந்து போல்காட்டியைத் தாண்டிக் கரையேறும் இடத்தில் கேரள உயர் நீதிமன்றம் நிற்கிறது. 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும்வரை இந்தத் தீவினருக்குப் படகுதான் வழி. பாலங்கள் வந்த பிறகும் நெடுங்காலம் வைப்பின் பக்கத்துத் தனியார் பேருந்துகளுக்கு நகருக்குள் நுழைய அனுமதி இல்லை. அவை உயர் நீதிமன்றச் சந்திப்போடு நின்றுவிடும். வேலைக்கும் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் அங்கே இறங்கி வேறு பேருந்து பிடித்தாக வேண்டும். ஆகவே தீவு மக்களின் பேச்சில் 'ஹைக்கோர்ட்' என்பது முதலில் இறங்குமிடத்தின் பெயர். நீதி கேட்கும் இடத்தின் பெயராக அது ஆவது தேவை நேரும்போதுதான்.

அந்தத் தேவை இப்பகுதியினருக்கு நேராமலும் இல்லை. 2011இல் திறக்கப்பட்ட வல்லார்பாடம் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையத்துக்குச் சாலையும் ரயில் பாதையும் அமைக்க ஏழு கிராமங்களில் 316 குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டது கேரளத்தையே உலுக்கியது. அதே ஆண்டு மார்ச் 19 அன்று அரசு மறுவாழ்வுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அது நிறைவேறவில்லை என்று போராட்டமும் வழக்கும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. மனுதாரராக நீதிமன்றப் படியேறுவது இத்தீவுகளுக்குப் பழகிவிட்டது. கறுப்பு அங்கி அணிந்து வழக்குரைக்கவோ, அதற்கும் அப்பால் இருக்கையில் அமர்ந்து தீர்ப்புரைக்கவோ இத்தகைய ஊர்களிலிருந்து எத்தனை பேர் போகிறார்கள், போகிறவர்கள் எந்த வழியாகப் போகிறார்கள் என்பது வேறு கேள்வி. சட்டத் துறையில் பன்மைத்துவம் பற்றி நடக்கும் கருத்தரங்குகள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவது கேள்விதான் நடைமுறைக்கு உதவுவது.

இந்தக் காயலுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1913இல் கொச்சியின் புலையர் மக்கள் தங்கள் முதல் பெருங்கூட்டத்தைக் கூட்டத் தீர்மானித்தபோது அவர்கள் கூடுவதற்குத் தரையில் இடம் கிடைக்கவில்லை. நிலம் அரசருடையது, அதில் அவர்கள் ஒன்றுதிரள அனுமதி இல்லை. நீருக்கு அப்படியொரு தடை எழுதப்பட்டிருக்கவில்லை. வள்ளங்களைக் கொண்டுவந்து ஒன்றோடொன்று பிணைத்து, பலகை பரப்பி, காயலின் மேல் கூட்டம் நடத்தினார்கள். பண்டிட் கே. பி. கருப்பனும் கிருஷ்ணாதியும் அதன் முன்னணியில் இருந்தனர். காயல் சம்மேளனம் என்று கேரள வரலாறு குறிக்கும் நிகழ்வு இதுதான். கொச்சிப் புலைய மகாஜன சபை உருவானது அந்த எழுச்சியிலிருந்து. தரையில் கூட முடியாது என்ற விதியை அவர்கள் மீறவில்லை. விதியின் சொற்களைக் கூர்ந்து படித்து, அது எட்டாத இடத்தைக் கண்டுபிடித்தார்கள். சட்டக் கல்லூரியின் நிழல்கூடப் படாத மக்கள் நடத்திக் காட்டிய சட்ட வாதம் என்றே அதைச் சொல்லலாம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1912 ஜூலை 4 அன்று, வல்லார்பாடத்தை அடுத்த முளவுகாடு தீவில் அதே சமூகத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாட்சாயணி என்று பெயரிட்டார்கள். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்து 1935இல் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் தலித் பெண் பட்டதாரி அவர். 1945இல் கொச்சி சட்டமன்றத்தில் இடம்பெற்றார். 1946இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசமைப்பு நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையின் 15 பெண்களில் தலித் பெண் அவர் ஒருவரே, வயது 34. முற்றுப்பெறாத தன்வரலாற்றுக்கு அவர் வைத்திருந்த தலைப்பின் பொருள் 'கடலுக்குச் சாதி இல்லை' என்பது. அந்தத் தலைப்பின் வேர் எங்கே என்பதைக் காயல் சம்மேளனத்தை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவருடைய கல்லூரிக் காலத்திலிருந்து சொல்லப்படும் ஒரு செய்தி இங்கே முக்கியமானது. வேதியியல் வகுப்பில் அவருக்கு இடம் இருந்தது. சோதனை மேசையருகே இடம் இல்லை. ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைக் காட்டிக் கற்பிக்க மறுத்தார். தொலைவில் நின்று பார்த்தே அவர் கற்றுக்கொண்டார். சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பவருக்கு அந்த வகுப்பு பன்மைத்துவம் கொண்டதாகவே தெரியும். பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கும் தொழில் கைக்கு வருவதற்கும் இடையில் சில அடி தூரம் இருந்தது. அந்தச் சில அடிகளில்தான் விலக்கல் நடந்தது. இன்றைய சட்டத் துறையைப் புரிந்துகொள்ளவும் அந்தச் சில அடிகளையே பார்க்க வேண்டும்.

தாட்சாயணியை எளிதாகத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள எவராலும் முடியாது. தனித் தொகுதிகளை அவர் எதிர்த்தார். சட்டமன்ற இடஒதுக்கீட்டிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. அம்பேத்கரிடமிருந்து வெளிப்படையாக மாறுபட்டார். தாழ்த்தப்பட்ட மக்களின் பொருளாதார நிலை மாறாதவரை எந்தப் பாதுகாப்பும் பெயரளவில் நின்றுவிடும் என்பது அவர் எண்ணம். 1948 நவம்பர் 29 அன்று தீண்டாமை ஒழிப்புப் பிரிவின் மீது பேசியபோது, அரசமைப்பு எப்படிச் செயல்படும் என்பது சட்டத்தை அமலாக்குவதைவிட மக்கள் எப்படி நடந்துகொள்ளப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்ற கருத்தை முன்வைத்தார். இடஒதுக்கீட்டை ஏற்பவரும் மறுப்பவரும் அவருடைய அந்தக் கவலையிலிருந்து ஒன்றைக் கற்கலாம். கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

நீதித் துறையின் 'முதல்'களைப் பற்றிப் பேசுவதில் கேரளத்துக்குப் பெருமிதம் உண்டு, அது நியாயமானதே. இந்தியாவின் முதல் பெண் நீதிபதி அன்னா சாண்டி 1937இல் திருவிதாங்கூரில் முன்சீப் ஆனார். 1959 பிப்ரவரி 9 அன்று கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் தொடங்கியது. அதன் முதல் பெண் நீதிபதி பத்மினி ஜேசுதுரை 1986இல்தான் வந்தார். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி எம். பாத்திமா பீவி பத்தனம்திட்டையைச் சேர்ந்தவர். 1989 அக்டோபர் 6 அன்று பதவியேற்றார். முதல் தலித் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் வைக்கத்தை அடுத்த தலயோலப்பறம்பைச் சேர்ந்தவர். எர்ணாகுளத்தில் சட்டம் படித்தவர். 2007 முதல் 2010 வரை தலைமை நீதிபதியாக இருந்தார். உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி என்ற இடம் தமிழ்நாட்டின் ஏ. வரதராஜனுக்கு உரியது. அவர் 1980 டிசம்பரில் பதவியேற்றார்.

பெயர்களின் பட்டியல் ஒளி வீசுகிறது. பெயர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் வேறொரு படம் தெரியும். 1992 ஏப்ரலில் பாத்திமா பீவி ஓய்வுபெற்றார். அடுத்த பெண் நீதிபதி சுஜாதா மனோகர் 1994 நவம்பரில் வந்தார். இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை. 2010 மே மாதம் பாலகிருஷ்ணன் ஓய்வுபெற்றார். அடுத்த தலித் நீதிபதி பி. ஆர். கவாய் 2019 மே மாதம் வந்தார். அந்த ஒன்பது ஆண்டுகளில் தனியுரிமை பற்றிய தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் நியமன ஆணையத்தைச் செல்லாததாக்கிய தீர்ப்பு வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கைது விதிகளைத் தளர்த்திய 2018 தீர்ப்பும் வந்தது. அச்சட்டம் யாரைக் காக்க இயற்றப்பட்டதோ அவர்களில் ஒருவர்கூட அப்போது அங்கே நீதிபதியாக இல்லை. ஒருவர் இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. நீதிபதிகள் கூடிப் பேசும் அறையில் அந்த வாழ்க்கையை அறிந்த ஒரு குரல் இல்லாமல் போனது என்பதை மட்டும் சொல்லலாம்; அதுவே போதிய அளவு கனமான செய்தி.

இந்த முன்னோடிகளின் பணி வரலாற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். அன்னா சாண்டி முன்சீப்பாகத் தொடங்கி 1948இல் மாவட்ட நீதிபதியாகி, அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார். பாத்திமா பீவி 1950இல் வழக்கறிஞராகப் பதிவு செய்து, 1958இல் முன்சீப் ஆகி, சார்பு நீதிபதி, தலைமைக் குற்றவியல் நடுவர், மாவட்ட நீதிபதி எனப் படிப்படியாக ஏறி, 1983இல் உயர் நீதிமன்றத்தை அடைந்தார். வரதராஜன் 1949இல் மாவட்ட முன்சீப் ஆகி 1973இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். பாலகிருஷ்ணனும் 1973இல் முன்சீப் பணியில் சேர்ந்தவரே. பின்னர் அதைத் துறந்து வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்பி, 1985இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். நால்வரும் கீழமை நீதிமன்றத்தின் முதல் படியில் கால் வைத்தவர்கள். அரசுப் பணி என்ற ஏணிக்குப் படிகள் கண்ணுக்குத் தெரியும். எந்தத் தகுதி வேண்டும், எப்போது அடுத்த உயர்வு, எவ்வளவு ஊதியம் என்பது தாளில் எழுதியிருக்கும். எவருடைய மகன், எவருடைய ஜூனியர் என்ற கேள்விகளுக்கு அங்கே எடை குறைவு.

இதற்கு விலக்குகள் உண்டு. கவாய் வழக்கறிஞர் தொழிலிலிருந்து நேரடியாக உயர் நீதிமன்றத்துக்கு வந்தவர். அவர் தந்தை ஆர். எஸ். கவாய் குடியரசுக் கட்சியின் தலைவராகவும், பின்னாளில் கேரளத்தின் ஆளுநராகவும் இருந்தவர். ஒரு சமூகத்தின் ஒருவர் வழக்கறிஞர் வழியாக மேலேற, முந்தைய தலைமுறை பொதுவாழ்வில் நிலைபெற்றிருப்பது எவ்வளவு துணைசெய்கிறது என்பதையே அந்த விலக்கும் காட்டுகிறது.

எண்களும் இதையே சொல்கின்றன. உச்ச நீதிமன்றத்தின் ஆய்வுப் பிரிவு 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி மாவட்ட நீதித் துறையில் பெண்கள் 36.3 விழுக்காடு, உயர் நீதிமன்றங்களில் 13.4, உச்ச நீதிமன்றத்தில் 9.3. கேரளத்தில் புதிதாகத் தேர்வான இளநிலை உரிமையியல் நீதிபதிகளில் 72 விழுக்காட்டினர் பெண்கள். எழுத்துத் தேர்வு இருக்கும் இடத்தில் பெண்கள் பெரும்பான்மையாகிறார்கள்; பரிந்துரையால் நிரப்பப்படும் இடத்தில் சிறுபான்மையாகச் சுருங்குகிறார்கள். சாதியிலும் இதே சரிவு. 2018 முதல் 2023 ஜூலை நடுப்பகுதி வரை உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 604 நீதிபதிகளில் 458 பேர் பொதுப் பிரிவினர், பிற பிற்படுத்தப்பட்டோர் 72 பேர், சிறுபான்மையினர் 34, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 9. நாடாளுமன்றத்தில் சட்ட அமைச்சகம் அளித்த கணக்கு இது. மீதமுள்ள 13 பேரைப் பற்றிய விவரம் இல்லை.

பரிந்துரை முறை கெட்ட எண்ணத்தால் இப்படி இயங்குகிறது என்று கருத வேண்டியதில்லை. அது இயங்கும் விதமே போதுமானது. அரசமைப்பின் 217ஆம் பிரிவு கேட்பது பத்து ஆண்டு நீதிப் பணியோ பத்து ஆண்டு உயர் நீதிமன்ற வழக்கறிஞர் அனுபவமோதான். நடைமுறையில் உயர் நீதிமன்ற இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு வழக்கறிஞர்களுக்கும் ஒரு பங்கு மாவட்ட நீதிபதிகளுக்கும் என்பது மரபு. வழக்கறிஞர் பங்கில் ஒருவர் பெயர் எழ வேண்டுமானால், கொலீஜியத்தில் இருக்கும் நீதிபதிகள் அவரை அறிந்திருக்க வேண்டும். அறிந்திருக்க வேண்டுமானால், பெரிய வழக்குகளில் அடிக்கடி எழுந்து பேசியிருக்க வேண்டும். பெரிய வழக்குகள் பெரிய அலுவலகங்களுக்கு வருகின்றன. பெரிய அலுவலகங்களில் ஜூனியராகச் சேர அறிமுகம் வேண்டும். அரசு வழக்கறிஞர் பதவிக்கு அரசியல் அறிமுகமும் வேண்டும். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே இயல்பாகத் தோன்றும். சங்கிலியை முழுதாக எடுத்துப் பார்த்தால், வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தவருக்கு அது கைப்பிடியாகவும் முளவுகாட்டில் பிறந்தவருக்கு வேலியாகவும் இருக்கும்.

ஏணியின் வழியே வருகிறவர்களுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை வயது. படிகளில் ஏறி உயர் நீதிமன்றத்தை அடைந்தபோது பாத்திமா பீவிக்கு வயது 56. உயர் நீதிமன்றத்தில் ஓய்வு வயதான 62ஐ நிறைவு செய்து விடைபெற்ற பிறகே அவர் உச்ச நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டார். அங்கே 65 வரை இரண்டரை ஆண்டுகளே இருந்தார். நேரடியாக வழக்கறிஞர் பிரிவிலிருந்து நாற்பதுகளில் நியமிக்கப்படுகிறவருக்கு உயர் நீதிமன்றத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கிடைக்கும். நியமன நாளை வைத்தே மூப்பு கணக்கிடப்படுகிறது; மூப்பை வைத்தே தலைமை நீதிபதிப் பதவியும் கொலீஜிய இடமும் வருகின்றன. ஏணியில் ஏறி வந்தவர் அந்த இடத்தை நெருங்கும் முன் ஓய்வுபெற்றுவிடுகிறார். அடுத்த தலைமுறை நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் அறைக்குள் அவர் நுழைவது அரிது. இதனால்தான் கீழே நிறைந்திருக்கும் பன்மைத்துவம் மேலே போகப்போக வடிந்துவிடுகிறது. காலம் சரிசெய்துவிடும் என்ற ஆறுதலுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

ஏணியின் அடியிலும் சிக்கல் தொடங்கியிருக்கிறது. சட்டப் பட்டம் பெற்றவர் முதலில் பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி அதற்கான கட்டணம் 750 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். மாநிலக் கவுன்சில்கள் பல தலைப்புகளில் கூடுதல் தொகைகளைச் சேர்த்து வசூலித்தன. ஒடிசாவில் அது 42,100 ரூபாய் வரை போனது. கேரளத்தில் 20,050 ரூபாய். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் கௌரவ் குமார் வழக்கில் இந்த வசூலைச் செல்லாது என்றது. சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் கேட்பது விளிம்புநிலை மாணவர்களைத் தொழிலின் வாசலிலேயே தடுக்கிறது, அது உண்மையான சமத்துவத்துக்கு முரணானது என்பது தீர்ப்பின் சாரம். ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கானோர் கடன் வாங்கிக் கட்டிய தொகை அது. கட்ட முடியாமல் திரும்பியவர்களின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இராது.

பதிவுக்குப் பிறகு வருவது ஜூனியர் காலம். சீனியரின் அலுவலகத்தில் கோப்பு தூக்கி, வாய்தா வாங்கி, நகல் எடுத்து, மாலையில் மனு எழுதிப் பழகும் ஆண்டுகள் அவை. தொழில் உண்மையில் கற்கப்படுவது அங்கேதான். கல்லூரி வெறும் முன்னுரை. அந்த ஆண்டுகளுக்கு ஊதியம் என்று சட்டப்படி எதுவும் இல்லை. தருவது சீனியரின் மனத்தைப் பொறுத்தது. வீட்டில் வருமானம் இருப்பவர் காத்திருக்கலாம். தீவில் மீன்பிடித்தோ கூலி வேலை செய்தோ மகளைப் படிக்க வைத்த குடும்பம், பட்டம் வாங்கிய மகளுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் கறுப்பு அங்கியும் தந்துகொண்டிருக்க இயலுமா? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காத பெண்கள் தனியார் நிறுவனத்தில் கணினி முன் அமர்ந்துவிடுகிறார்கள். சட்டப் பட்டம் சுவரில் மாட்டப்படுகிறது.

அரசுகள் இதைக் கவனிக்காமல் இல்லை. கேரள அரசு 2018இல், வருமானத்தையும் வயதையும் வரம்பாக வைத்து, இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வரை உதவித்தொகை தர ஆணையிட்டது. தமிழ்நாடு 2020இல் மாதம் 3,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு அறிவித்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்குக் குறைந்தது 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் சீனியர்கள் தர வேண்டும் என வழிகாட்டச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தராவிட்டால் ஒன்றும் நேராது.

இந்தப் பின்னணியில்தான் 2025 மே 20 அன்று வந்த தீர்ப்பைப் படிக்க வேண்டும். இளநிலை உரிமையியல் நீதிபதித் தேர்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற பழைய விதியை உச்ச நீதிமன்றம் மீட்டது. காரணம் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. நீதிமன்றத்தையே பார்த்திராத இளம் பட்டதாரி, மக்களின் சொத்தையும் சுதந்திரத்தையும் பற்றித் தீர்ப்பளிக்க அமர்வதால் ஏற்பட்ட தொல்லைகளைப் பல உயர் நீதிமன்றங்கள் எடுத்துரைத்தன. அனுபவம் வேண்டும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். கேள்வி, அந்த அனுபவத்தின் செலவை யார் ஏற்பது என்பதே. கல்லூரி முடித்த கையோடு எழுதக்கூடிய தேர்வு என்பதால்தான் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், குறிப்பாகப் பெண்கள், நீதிப் பணியைத் தேர்ந்தார்கள். வழக்கறிஞர் தொழிலில் எந்த மூன்று ஆண்டுகளைத் தாங்க முடியாமல் அவர்கள் ஏணியை நாடினார்களோ, அதே மூன்று ஆண்டுகள் இப்போது ஏணியின் அடியில் முதல் படியாக வைக்கப்பட்டிருக்கின்றன. திருமணப் பேச்சு தொடங்கும் வயதும் அதுவே என்பதைத் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் கேரள வீடுகளுக்கும் தனியே சொல்ல வேண்டியதில்லை. 72 விழுக்காடு என்ற எண் இன்னும் பத்தாண்டுகளில் என்னவாகும் என்பது இந்த மூன்று ஆண்டுகளை நாடு எப்படி நடத்துகிறது என்பதைப் பொறுத்தது.

கொச்சித் தமிழரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பக்கம் சலவைத் தொழில் செய்யும் வண்ணார் சமூகத்தினரும், வில்லிங்டன் தீவை அடுத்த வாத்துருத்தியில் வாழும் தமிழ்த் தொழிலாளர்களும் இந்த நகரத்தின் உழைப்பில் பங்குள்ளவர்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியில் உள்ள ஒரு குடும்பம் கொச்சிக்குக் குடிபெயர்ந்தால், அவர்களின் பிள்ளைகள் கேரளத்தின் பட்டியல் சாதி ஒதுக்கீட்டைக் கோர முடியாது. கல்விச் சேர்க்கையில் இதை 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கும், மாநில அரசுப் பணியில் 2018இல் பீர் சிங் வழக்கும் உறுதிசெய்தன. சாதிப் பட்டியல் மாநிலம் சார்ந்தது என்பது அரசமைப்பின் வாசகப்படி சரியான வாதமே. ஆனால் இழிவு எல்லை தாண்டும்போது உடன் வருகிறது, உரிமை பாலக்காட்டுக் கணவாயோடு நின்றுவிடுகிறது. இப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து சட்டம் படிக்க வருகிற பிள்ளைக்கு, மேலே சொன்ன ஒவ்வொரு படியும் இன்னும் ஓர் அடி உயரம்.

விதிகள் மாறினால் ஆட்கள் வருகிறார்கள் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 2018 ஜூனில் சத்தியஸ்ரீ சர்மிளா தமிழ்நாட்டில் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். இந்தியாவின் முதல் திருநர் வழக்கறிஞர் அவர். 2023 மார்ச்சில் எர்ணாகுளம் அரசு சட்டக் கல்லூரியில் படித்த பத்மலட்சுமி கேரளத்தின் முதல் திருநர் வழக்கறிஞரானார். 2025 மார்ச் 3 அன்று, பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி நீதிப் பணி வாய்ப்பை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜனவரியில், எல்லா நீதிமன்றங்களிலும் பெண்கள், ஆண்கள், மாற்றுத் திறனாளிகள், திருநர்கள் ஆகியோருக்குக் கழிவறை வேண்டும் என்று உத்தரவிட நேர்ந்தது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து 75 ஆண்டுகள் நிறையும் மாதம் அது. பன்மைத்துவம் என்ற பெரிய சொல் பல நேரங்களில் கழிவறை, கட்டணம், பேருந்து, உணவு என்ற சிறிய சொற்களால் ஆனது.

தகுதி குறைந்துவிடும் என்ற மறுப்பு எப்போதும் எழும். அதற்கு விடை இந்த ஏணியிலேயே இருக்கிறது. தகுதியைத் தாள் திருத்தி அளக்கும் இடத்தில் இந்தப் பெண்கள் முன்னே நிற்கிறார்கள். தகுதியைப் பழக்கத்தால் அறியும் இடத்தில்தான் காணாமல் போகிறார்கள். எந்த அளவுகோல் தகுதியை அளக்கிறது, எது நெருக்கத்தை அளக்கிறது என்று கேட்பது தகுதிக்கு எதிரான பேச்சு ஆகாது.

செய்ய வேண்டியவை பெரிய புரட்சிகளும் அல்ல. தேர்வுக்கு மூன்று ஆண்டு அனுபவத்தைக் கட்டாயமாக்கும் அரசும் நீதிமன்றமும் அந்த மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகையையும் கட்டாயமாக்கலாம். அதற்கான நிதியை அரசு, பார் கவுன்சில், வளம்மிக்க சீனியர்கள் ஆகிய மூவரும் பகிரலாம். சட்ட உதவி மையங்களில் செய்யும் பணியை ஊதியத்தோடு கூடிய அனுபவமாக ஏற்கலாம். மாவட்ட நீதிபதிகளை இன்னும் இளம் வயதில் உயர் நீதிமன்றத்துக்குப் பரிசீலிக்கலாம். கொலீஜியம் பெயர்களை எழுதும் முன், எந்தெந்த மாவட்டம், எந்தெந்தச் சமூகம் ஒருமுறைகூடப் பட்டியலில் வரவில்லை என்ற குறிப்பையும் முன்னே வைத்துக்கொள்ளலாம்.

பொருளாதார நிலை மாறாமல் பாதுகாப்பு பெயரளவில் நின்றுவிடும் என்று தாட்சாயணி வேலாயுதன் அஞ்சினார். இடஒதுக்கீடு பற்றிய அவர் முடிவை ஏற்காதவர்களும் அந்த அச்சத்தைக் கடந்துவிட முடியாது. ஊதியம் இல்லாத மூன்று ஆண்டுகள் எந்தச் சாதியின் பெயரையும் சொல்லாமல், எந்தப் பாலினத்தையும் விலக்காமல், தன் வேலையைச் செய்து முடிக்கும். அடுத்த தேர்வு அறிவிப்பு வரும்போது முளவுகாட்டிலும் வல்லார்பாடத்திலும் யாருடைய பெயர் விண்ணப்பத்தில் இல்லை என்பதை யாராவது எண்ண வேண்டும். வராதவர்களைப் பற்றிய கணக்கு இன்னும் எவரிடமும் இல்லை. சட்டக் கல்லூரிகளில் ஆய்வு செய்கிறவர்கள் தொடங்க வேண்டிய வேலை அது.